நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், திருகைப் பாருங்கள்: மான்ட்பிளாங்க் ஏலக் கேள்விகள்

இணைய ஏலங்களில் மான்ட்பிளாங்க் என்ற விலையுயர்ந்த ஜெர்மன் பேனாவை வாங்கியவர்களும் வாங்கத் துடிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பழைய மைப்பேனாக்களைப் பிரித்துக் கழுவி மாட்டுவது என் பொழுதுபோக்கு. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஈபேயில் 146 என்ற மாடல் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. இப்போதைய விலை 9,000 ரூபாய். மூடியும், அதன் உச்சியில் மான்ட்பிளாங்கின் அடையாளமான வெள்ளை நட்சத்திரமும் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. கேட்கலாமா?

பளிச்சென்று தெரிகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. போலி செய்கிறவன் படத்தில் தெரியும் இடத்துக்குத்தான் காசு செலவழிப்பான். புதிய 146 கடையில் 50,000 ரூபாய்க்கு மேல் என்பது விற்பவருக்கும் தெரியும். அவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். பின்முனைத் திருகைத் திருப்பி வெளியே எடுத்த நிலையில் ஒன்று, நிப்பைப் பக்கவாட்டில் காட்டும் ஒன்று, கிளிப் தொடங்கும் வளையத்தை நெருக்கமாகக் காட்டும் ஒன்று.

முதல் படமே பெரும்பாலான கதைகளை முடித்துவிடும். 146, 149 இரண்டும் பிஸ்டன் பேனாக்கள். பின்முனையைத் திருகினால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து மையை உறிஞ்சும். நிப்புக்கு மேலே, மை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கோடு போட்ட கண்ணாடி போன்ற பகுதி இருக்கும். உடலைக் கழற்றினால் கார்ட்ரிட்ஜோ (மை அடைத்து வரும் சிறு குழாய்) கன்வர்ட்டரோ (மை நிரப்பிக்கொள்ளும், கழற்றக்கூடிய குழாய்) தலைகாட்டும் "149" போலிதான். கன்வர்ட்டர் போடுகிற அசல் 145 மாடலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். "படம் எடுக்க நேரமில்லை" என்று பதில் வந்தால் ஏலத்தை விட்டுவிடுங்கள். இப்போது பிஸ்டனோடும் போலிகள் வருகின்றன என்பதால், திருகு சுழல்வதைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

பெட்டி, கையேடு, உத்தரவாத அட்டை எல்லாம் இருக்கின்றனவாம். அப்படியானால் அசல்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலத்தில் "146" ஒன்றை எடுத்தேன். கறுப்புப் பெட்டி, கையேடு, முத்திரையிட்ட அட்டை என்று சீர்வரிசை மாதிரி வந்து இறங்கியது. இரவு உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அசல் நிப்பில் பொன்னிறமும் வெண்ணிறமும் சந்திக்கும் கோடு கத்தியால் கீறியதுபோல் இருக்கும். இதில், குழந்தை வண்ணம் தீட்டிய படம் மாதிரி பொன்னிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. 4810 என்ற எண் இருந்தது. மான்ட் பிளாங்க் சிகரத்தின் உயரத்தை மீட்டரில் சொல்லும் எண் அது. ஆனால் உலோகத்தில் இறங்காமல் மேலாக உரசியதுபோல் கிடந்தது. மூடியின் உச்சியில் நட்சத்திரத்தின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன், தடுக்கியது. அசலில் வெள்ளையும் கறுப்பும் ஒரே பரப்பாக வழுக்கிப் போகும். கடைசியாக மூடி வளையத்தைப் படித்தேன். மைஸ்டர்ஸ்டுக் என்ற ஜெர்மன் சொல்லில் "யு" எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகளையும் காணோம். பெட்டி மட்டும் நல்ல பெட்டி. இன்றும் அதில் நிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

காந்தத்தை வைத்துப் பார்த்தேன். நிப் ஒட்டவில்லை. தங்கம்தானே?

ஒட்டினால் தங்கம் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒட்டாவிட்டால் தங்கம் என்று சொல்ல முடியாது. சிலவகைத் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டாது.

டார்ச் அடித்தால் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்கிறார்களே?

அசல் 146, 149 மூடியை இருட்டில் பலமான விளக்கின் முன் பிடித்தால், கறுப்புப் பிசினுக்குள் (பேனா செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக்) ஆழ்ந்த சிவப்பு கசியும். மாதுளைச் சாற்றைக் கண்ணாடிக் குவளையில் பார்ப்பது போல. பித்தளைக் குழாய்க்குக் கறுப்புப் பூசிய போலியில் ஒளி நுழையவே நுழையாது. அந்தப் போலி கைக்குக் கனமாகவும் தொட்டால் சில்லென்றும் இருக்கும். பெரிய பேனாவான அசல் 149 கூடச் சுமார் 30 கிராம்தான். விளக்கு பலமில்லை என்றால் அசலும் கறுப்பாகவே நிற்கும், அதனால் கைப்பேசி விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். இன்னொரு சங்கடம், ஏலத்தில் பேனா உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும்.

ஐயா, மான்ட்பிளாங்கின் காந்தி பேனா 18,000 ரூபாய்க்கு ஏலத்தில் இருக்கிறது. எண் பொறித்த வரையறுக்கப்பட்ட பதிப்பாம்.

2009இல் வந்த அந்தப் பேனாவின் உயர்பதிப்பு 241 மட்டுமே. தண்டி யாத்திரையின் 241 மைல்களுக்காக அந்த எண். அப்போதைய விலை 11 லட்சம் ரூபாய்க்கும் மேல். எளிமைக்குப் பேர்போன காந்தியின் பெயரிலா இவ்வளவு விலை என்று பெரிய சர்ச்சை கிளம்பி, கேரள உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. விற்பனையும் நின்றது. 3,000 எண்ணிக்கையில் விலை குறைந்த பதிப்பும் இருந்தது, அதுவும் 18,000க்கு வராது. விற்பவரின் மற்ற ஏலங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே வரிசை எண்ணோடு இரண்டு பேனாக்கள் கிடந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம்.

ஜின்ஹாவ் 159 என்ற சீனப் பேனா போலியா?

இல்லை. உருவத்தில் 149இன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் சொந்தப் பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். யாரையும் ஏமாற்றவில்லை. என்னிடமும் ஒன்று உண்டு, கை வலிக்கும் கனம்.

ஏமாந்துவிட்டேன். தளம் பொறுப்பேற்காதா? இல்லையென்றால் நானே "போலி" என்று சொல்லி விற்றுவிடுகிறேன்.

முதலில் தளத்தில் புகார் கொடுங்கள். ஈபேயில் பொருள் வந்து 30 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். தளத்தின் சட்டப் பொறுப்பு பற்றி நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறுகிறது. 2008இல் பாரிஸ் வணிக நீதிமன்றம், தளத்தில் போலிகள் விற்கப்பட்டதற்காக, லூயி வித்தோன் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்துக்கு ஏறக்குறைய 4 கோடி யூரோ தரும்படி ஈபேக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது. டிஃபனி நகை நிறுவனம் தொடுத்த வழக்கில் 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈபே பக்கமே நின்றது.

விற்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீட்டுச் சட்டத்தில், போலிக் குறியீடு உள்ள பொருளை விற்பது குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். "போலி" என்று எழுதி வைத்தாலும் நட்சத்திரம் அதில் இருக்கத்தானே செய்கிறது?

என் அப்பாவுக்கு எண்பதுகளில் பெரியப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த 149 இது. கிளிப் வளையத்தில் வரிசை எண்ணே இல்லை. மேற்கு ஜெர்மனி என்று மட்டும் இருக்கிறது. போலி என்று நண்பர் சிரிக்கிறார்.

நண்பரிடம் காலண்டரைக் காட்டுங்கள். வளையத்தில் வரிசை எண் பொறிப்பது தொண்ணூறுகளில் வந்த வழக்கம். மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1990 அக்டோபரோடு முடிந்துபோனது. எண்பதுகளின் பேனா என்று சொல்லி வரிசை எண்ணையும் காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நீங்கள் அனுப்பிய படங்களில் பிஸ்டன் திருகு, மைக்கண்ணாடி, நிப் மூன்றும் சரியாகவே தெரிகின்றன. பல ஆண்டுகளாக எழுதாமல் கிடந்திருந்தால் திருகு இறுகியிருக்கும், வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். வெந்நீர் கூடாது. காலையில் தண்ணீர் நீலமாகியிருந்தால், உள்ளே அப்பா கடைசியாக நிரப்பிய மை இருந்திருக்கிறது.