டிசம்பர் பணம் கொழுந்தனாருக்கு, பிப்ரவரிக் கடன் உங்களுக்கு

கேள்வி: கேமரன் மலையில் ரிங்லெட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். கணவர் காய்கறி லாரி ஓட்டுகிறார். வறட்சியில் ஓடைக் குழாய் வற்றி, இரண்டு மாதமாக முன்பதிவுகள் ரத்தாகின்றன. கடன் அட்டையில் 6,000 ரிங்கிட் ரொக்கம் எடுத்துச் சமாளித்தோம். 25,000 ரிங்கிட் கடன் வாங்கிச் சொகுசுக் கூடாரங்கள் போட்டால் மீளலாம் என்கிறார் கொழுந்தனார். போடலாமா? கணக்குத் தாளை இணைத்துள்ளேன்.
– ரிங்லெட் வாசகி

பதில்: கூடாரத்தில் தங்குகிறவர் குளிக்கமாட்டாரா, சகோதரி? இரண்டு அறைக்கே தண்ணீர் இல்லை.

உங்கள் கணக்குத் தாளை இருமுறை படித்தேன். ஆண்டிறுதி விடுமுறையில் வரவு 5,400. ஜனவரி முதல் வாரத்தில் "தம்பி, கார் முன்பணம்" 3,000. அதற்கு முந்தைய ஜனவரியிலும் "தம்பி, கார் பழுது" 2,500. இரண்டு ஆண்டும் பிப்ரவரியில் கடன் அட்டை.

கேமரனில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எல் நினோ வந்தால் வறட்சி இன்னும் நீளும். ஓடையின் மேற்புறத்தில் காய்கறித் தோட்டக்காரர்களின் குழாய்கள் இருந்தால், கீழே இருப்பவருக்குச் சேறுதான். ஆண்டுதோறும் வரும் இந்த மாதங்களுக்குத்தான் அந்த 5,400. அதில் பாதிக்கு மேல் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 18 விழுக்காட்டு வட்டிக்கு வெளியே வாங்குகிறீர்கள்.

6,000 ரிங்கிட்டுக்கு மாத வட்டி ஏறக்குறைய 90. குறைந்தபட்சத் தவணையாக 300 கட்டினால், அசலில் 210தான் குறையும். நகையை அடகு வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வரை போகும், ஆண்டுக்கு 24. அது இன்னும் மோசம்.

தண்ணீருக்கும் கணக்குப் போடுங்கள். இரண்டு அறைக்கும் நாளுக்கு 600 லிட்டர் என்றால், 2,000 லிட்டர் தொட்டி மூன்று நாளுக்குச் சற்றுமேல்தான் தாங்கும். லாரித் தண்ணீருக்கு 1,500 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் போடுங்கள், ஏ.டி.எம். அட்டை வாங்காமல். பிப்ரவரியில் ஓர் அறையை மட்டும் விடுங்கள். வெந்நீர் அளவாகத்தான் கிடைக்கும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வந்தபின் தெரிந்தால்தான் விருந்தினருக்குக் கோபம் வரும்.

இந்தக் கடன் அடைய மாதம் 600 கட்டுங்கள், பதினோரு மாதத்தில் முடியும். முடியாவிட்டால் கடன் ஆலோசனை முகமையான ஏ.கே.பி.கே.யில் இலவச ஆலோசனை உண்டு. கொழுந்தனாரிடம் நீங்கள் பேசவேண்டாம். அவருடைய அண்ணன் பேசட்டும், டிசம்பர் வசூல் கைக்கு வருமுன்பே.