கிடாரில் ஸ-ப-ஸ: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ ட்யூனிங்கில் ராகம் வாசிக்கும்போது பின்னால் சுருதி நிற்பதில்லை. தம்புரா சாயல் வர வேறு ட்யூனிங் உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: டி-ஏ-டி-ஜி-ஏ-டி வைத்துப் பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கிடார் கலைஞர் டேவி கிரஹாம், மொராக்கோவின் ஊத் (அரபு நரம்பிசைக் கருவி) இசையோடு சேர்ந்து வாசிக்கத் தோதாகக் கையாண்ட ட்யூனிங் இது. டி-யை ஷட்ஜமாகக் கொண்டால், ஆறாம் (மிகத் தடித்த) கம்பியிலிருந்து ஸ-ப-ஸ-ம-ப-ஸ. காந்தாரம் எந்தக் கம்பியிலும் இல்லை. அதனால் ராகத்தின் காந்தாரம் எதுவானாலும் மோதல் வராது. இதற்காகவே முதலில் இதைப் பழகச் சொல்வேன்.

6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் இரண்டு ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) அளவு இறக்க வேண்டும். ட்யூனர் தேவையில்லை. ஆறாம் கம்பியை 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரல்நுனியால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் ஹார்மோனிக் எழும். அது அழுத்தாத நாலாம் கம்பியோடு ஒன்றும்வரை இறக்குங்கள். அதேபோல ஐந்தாம் கம்பியின் ஹார்மோனிக்கோடு இரண்டாம் கம்பியையும், நாலாம் கம்பியின் ஹார்மோனிக்கோடு முதல் கம்பியையும் சேருங்கள். இரண்டு ஒலிக்கும் இடையே கேட்கும் அலைவு மெதுவாகி, நின்றுவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது.

இனி முதல் கம்பியில் 0, 2, 3, 5, 7, 9, 10, 12 என்று போனால் கரகரப்பிரியா. 3க்குப் பதில் 4 என்றால் ஹரிகாம்போதி. கல்யாணியில்தான் சிக்கல்: மூன்றாம் கம்பியின் சுத்த மத்யமம் பிரதி மத்யமத்தோடு உரசும். அந்தக் கம்பியை ஒரு ஃபிரெட் அளவு இறக்கி அந்தர காந்தாரமாக்கிவிடுங்கள். ட்யூனர் காட்டும் எஃப் ஷார்ப்பைவிட 14 சென்ட் (ஒரு ஃபிரெட் அளவு என்பது 100 சென்ட்) கீழே நிறுத்தினால் காந்தாரம் ஷட்ஜத்தோடு அலைவில்லாமல் இழையும். அந்தச் சுகத்தை ஒருமுறை கேட்டால் விட மனம் வராது! கரகரப்பிரியாவுக்குத் திரும்பும்போது மறக்காமல் ஜி-க்கே ஏற்றிவிடுங்கள்.

பாடுபவரின் சுருதி ஈ என்றால் இரண்டாம் ஃபிரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போதும்.

கேள்வி: இப்படி இறக்கியதும் ஆறாம் கம்பி ஃபிரெட்டில் அடித்து இரைகிறது. சுருதியும் நிற்கவில்லை.
– கோவை வாசகர்

பதில்: இரண்டு ஃபிரெட் இறக்கினால் கம்பியின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். தளர்ந்த கம்பி அகலமாக அதிரும். ஓங்கி மீட்டினால் முதல் கணத்தில் சுருதி ஏறியும் ஒலிக்கும். உங்களிடம் இருப்பது 12–53 செட் (0.012 முதல் 0.053 அங்குலத் தடிமன் வரை) என்றால், இறக்கும் மூன்று கம்பிகளை மட்டும் தடிமனாக மாற்றுங்கள்: ஆறாவது 0.056, இரண்டாவது 0.017, முதலாவது 0.013 அங்குலம்.

சுருதி நிற்காததற்குப் பெரும்பாலும் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பட்டை) பள்ளம்தான் காரணம். திருகும்போது 'டிங்' என்ற சத்தத்தோடு சுருதி துள்ளினால் கம்பி அங்கே சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேயுங்கள். இறக்கும்போது வேண்டிய சுருதிக்கும் கீழே போய், பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். புதிய தடித்த கம்பி பள்ளத்தில் உட்காரவில்லையானால் கிடார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அரத்தால் அகலப்படுத்துவது நல்லது.

கேள்வி: ஓப்பன் ஈ வைத்தால் கம்பி அறுந்துவிடுமா?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஓப்பன் ஈ என்பது ஈ-பி-ஈ-ஜி ஷார்ப்-பி-ஈ ட்யூனிங். அதில் 5, 4ஆம் கம்பிகளை இரண்டு ஃபிரெட் அளவும், மூன்றாவதை ஒரு ஃபிரெட் அளவும் ஏற்ற வேண்டும். இரண்டு ஃபிரெட் ஏற்றினால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். பழைய கம்பி அறுந்துபோகலாம், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் சுமை. டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி வைத்து இரண்டாம் ஃபிரெட்டில் கேபோ போடுங்கள். அதே சுரங்கள் ஆபத்தின்றிக் கிடைக்கும்.