ஜப்பான் பாய் பேண்ட் ஸ்மாப்போட 2003 பாட்டு 2016-ல ஏன் மறுபடி வித்துச்சு?

ரசிகர்கள் வேணும்னே வாங்குனாங்க, அதான் காரணம். 'செகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹானா' முதல்ல 2002 ஆல்பத்துல சும்மா ஒரு பாட்டாதான் இருந்துச்சு, எழுதி இசையமைச்சது நொரியுகி மகிஹாரா. அடுத்த வருஷம் ஸ்மாப்ல ஒருத்தரான குசனாகி நடிச்ச டிவி சீரியலுக்கு இதைப் போட்டதும் செம ரெஸ்பான்ஸ், மார்ச்ல சிங்கிளா விட்டாங்க, அந்த வருஷமே 20 லட்சம் தாண்டிடுச்சு. பூக்கடையில இருக்குற பூவெல்லாம் யார் ஃபர்ஸ்ட்னு சண்டை போடுறதில்லையே, மனுஷன் மட்டும் ஏன் இப்படின்னு கேக்குற பாட்டு, சின்னப் பசங்ககூட பாடுற மாதிரி ஈஸியான மெட்டு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். 2016 ஜனவரில குரூப் பிரியப்போகுதுன்னு நியூஸ் வந்தப்போ, பிரியாதீங்கன்னு சொல்ல ரசிகர்களுக்குத் தெரிஞ்ச வழி இந்த சிடியைத் திரும்பத் திரும்ப வாங்குறதுதான், அப்படியே 30 லட்சத்தைத் தாண்டவச்சாங்க. ஆனாலும் டிசம்பர் 31-ல பிரிஞ்சுட்டாங்க, அதுக்கு முன்னாடி டிவில கடைசியா பாடுனதும் இதே பாட்டுதான்.