விரல் தப்பும் கட்டங்கள்: புதிர் செயலி கேள்வி பதில்

தஞ்சாவூர் மாணவர்: அண்ணா, சுடோகு செயலி எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் விரல் பட்டுவிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. பல போன்களில் திரை அகலம் 360 டிபி (dp, ஆண்ட்ராய்டில் திரை அளவைச் சொல்லும் அலகு). 9 கட்டம் என்றால் ஒன்றுக்கு 40தான். தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி கேட்பதோ 48. கட்டத்தைப் பெரிதாக்க வழியில்லை. தப்பாகத் தொட்டாலும் எதுவும் கெடாதபடி செய்யுங்கள். முதல் தொடுதல் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும். எண் கீழே இருக்கும் பொத்தான்களிலிருந்து வரட்டும். அந்தப் பொத்தான்களை ஒரே வரியில் அடுக்கினால் அங்கேயும் அதே 40. மேலே 5, கீழே 4 என்று பிரித்தால் 72 கிடைக்கும். கட்டத்தின் மேலேயே திறக்கும் குட்டி எண்பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். யோசிக்க வேண்டிய இடத்தையே அது மறைத்துவிடும்.

மயிலாடுதுறை வாசகர்: தப்பான எண்ணைப் போட்டதும் சிவப்பாகக் காட்டலாமா?

எந்தத் தப்பு? ஒரே வரிசையில் இரண்டு 7 வந்தால் காட்டலாம், அது விதிமீறல். விடையோடு ஒப்பிட்டுக் காட்டினால் 1 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டே முடித்துவிடுவார்கள். அப்புறம் புதிர் எங்கே இருக்கிறது? சிவப்போடு ஒரு அடிக்கோடும் சேருங்கள், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் ஆடுவார்கள்.

கும்பகோணம் வாசகி: சார், வாசல் கோலத்தைப் பார்த்து வந்த ஆசை. புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ஒரே வளையமாக்கும் புதிர் செய்கிறேன். கட்டத்தில் இருக்கும் எண், அதைச் சுற்றி எத்தனை கோடு என்று சொல்லும். ஆனால் கோட்டைத் தொடவே முடியவில்லை, அம்மா பாதியிலேயே வைத்துவிட்டார்.

ஜப்பானின் நிகோலி பத்திரிகை பரப்பிய ஸ்லிதர்லிங்க் வகை இது. எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கோடு மெல்லியதாகவே இருக்கட்டும், தொடும் பரப்பு அப்படி இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்கே இரண்டு மூலைவிட்டம் போட்டு 4 முக்கோணமாகப் பிரியுங்கள். திரையில் காட்ட வேண்டாம், நிரலுக்குள் இருந்தால் போதும். விரல் எந்த முக்கோணத்தில் பட்டதோ, அந்தப் பக்கத்துக் கோடு. ஒரு தடவை தொட்டால் கோடு, மறுபடி தொட்டால் பெருக்கல் குறி, மூன்றாவதில் வெறுமை. ‘இங்கே கோடு வராது’ என்று குறித்துவைக்க அந்தப் பெருக்கல் குறி கட்டாயம் வேண்டும், பாதி யோசனை அதில்தான் நடக்கிறது. விரலை இழுத்துப் போகும்போது, தொடங்கிய இடத்தில் கோடு விழுந்தால் கடைசி வரை கோடே விழ வேண்டும், நடுவில் அழிக்கக் கூடாது. போட்டதைத் திரும்ப எடுக்கும் பின்வாங்கும் பொத்தானுக்கு எல்லை வைக்காதீர்கள்.

அப்புறம், அம்மா கையில் மறுபடி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. புதிர் கடினமாக இருந்தால் அவர் விரல் திரைக்கு மேலே நிற்கும், அது நல்லது. நினைத்தது விழாமல் ஒரே இடத்தை இரண்டு மூன்று தடவை தட்டினால், அதைச் சரிசெய்வது உங்கள் வேலை.

திருவாரூர் வாசகர்: சுடோகுவில் துப்பு எப்படிக் கொடுப்பது?

முதலில் எந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும். அடுத்து காரணம்: ‘இங்கே 4 போக ஒரே இடம்தான்’. அதற்கு மேலும் கேட்டால்தான் எண்.

நாகப்பட்டினம் வாசகர்: பொத்தானில் தமிழ் எழுத்து வெட்டுப்படுகிறது.

ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் ‘மீண்டும் தொடங்கு’ அடங்காது. அகலத்தை எண்ணால் கட்டாமல் எழுத்துக்கேற்ப விரியவிடுங்கள். ‘கீ’யின் கொக்கி மேலே போகும், ‘மூ’வின் சுழி கீழே இறங்கும்; வரி உயரத்தையும் கூட்டுங்கள்.

மன்னார்குடி வாசகி: நேரம் காட்டலாமா?

காட்டலாம், மறைக்கவும் வசதி வேண்டும். பேருந்தில் ஆடுகிறவர் தன் ஊர் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுவார். கடிகாரம் அங்கேயே நிற்கட்டும், போட்ட எண்களும் அப்படியே இருக்கட்டும்.