போகப்போவது சம்பளம் மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

முடிவெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் பக்கத்து சீட் அண்ணன் அனுப்பிவைத்தார். அலுவலகப் பேருந்தில் படித்தேன். என் வாசிப்பெல்லாம் அந்த 40 நிமிடத்தில்தான். 11 வருடமாக ஒரே வேலை. விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சொந்தமாக மொழிபெயர்ப்பு செய்யலாம் என்றிருக்கிறேன். ‘முதலில் இருப்பதன் அருமையை உணர்’ என்று நண்பர் சொன்னதால் தினமும் இரவு நன்றிப் பட்டியல் எழுதினேன். மூன்றாம் வாரம் சலித்துவிட்டது. இதெல்லாம் ஆளை இருந்த இடத்திலேயே உட்காரவைக்கும் தந்திரம்தானே? போகப்போவது சம்பளம் மட்டும்தான். அதற்குச் சேமிப்பு இருக்கிறது. 40 வயதுக்குள் மாறாவிட்டால் பிறகு முடியாது என்கிறார்களே, உண்மையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் புதிய வேலைக்கான திட்டம். அதை வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். மேசையின் நிறம் வரை யோசித்துவைத்திருக்கிறீர்கள். போகப்போவதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. அந்த வரிதான் என்னை எழுதவைத்தது. கொஞ்ச நாளாகவே என் பழைய மேசை நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் வலப்பக்க இழுப்பறையைச் சற்றுத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். ஒரு கால் குட்டை. அடியில் மடித்த அட்டை. கீழே குறுக்குச்சட்டத்தில் என் பாதங்கள் பட்டுப் பட்டு இரண்டு இடத்தில் வார்னிஷ் போய் வழுவழுவென்று இருக்கும். நான்கு புத்தகம் எழுதிய மேசை. ஒருநாள் அதன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. பெரிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதைத் தூக்கிக் கொடுத்தேன். “நல்லாத்தானே இருக்கு?” என்றார் மனைவி. “ஆடுற கால் தவிர இதுல என்ன இருக்கு?” என்றேன்.

புதியது ஜன்னலோரம் நுழையவில்லை. எதிர்ச்சுவரை ஒட்டிப் போட்டேன். ஆறு மாதம் உருப்படியாக ஒரு பக்கம் வரவில்லை. கதையைத் திட்டினேன், வயதைத் திட்டினேன். ஒரு பகலில்தான் கண்ணில் பட்டது: தாளின் மேல் என் தலையின் நிழல். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பழைய இடத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். வலக்கையால் எழுதுபவனுக்குக் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. இத்தனை வருடமும் அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. நூறு இரவு நன்றிப் பட்டியல் போட்டிருந்தாலும் ‘இடப்பக்க வெளிச்சம்’ என்று எழுதியிருப்பேனா? ‘உறுதியான மேசை’ என்று எழுதியிருப்பேன். அதுவும் பொய்.

ஆகவே உங்கள் பட்டியல் சலித்ததில் எனக்கு வியப்பில்லை. அது தந்திரமா என்றால், சிலர் வாயிலிருந்து வரும்போது தந்திரம்தான். அதை விடுங்கள். எண்ணிப் பார்ப்பதைவிடக் கழித்துப் பார்ப்பது மேல். 2008-இல் திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரிடம் தங்கள் துணையைச் சந்தித்த கதையை எழுதச் சொன்னார்கள். வேறு சிலரிடம், அவரைச் சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பிருந்தது என்று எழுதச் சொன்னார்கள். உறவில் அதிக நிறைவு தெரிந்தது இரண்டாவது கூட்டத்திடம்தான்.

வள்ளுவர் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தை எப்படித் தொடங்குகிறார்?

அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.

வரிசையைப் பாருங்கள். அழிவது முதலில். அப்புறம் ஆவது. ஊதியம் கடைசியில். இங்கே ஊதியம் என்றால் சம்பளமல்ல, பின்னால் வரும் லாபம். நாம் ஊதியத்தில் தொடங்கி, ஆவதற்கு வண்ணம் பூசி, அழிவதற்கு ஒரு வரி ஒதுக்குகிறோம். ‘அழி’, ‘வழி’ என்று எதுகை அமைய வந்த வரிசை அது என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். இரண்டு குறள் தள்ளிப் போனால் ‘ஆக்கம் கருதி முதலிழக்கும்’ காரியத்தை அறிவுடையவர்கள் தொடமாட்டார்கள் என்கிறார். அவர் கண் போவதன் மேல்தான் இருக்கிறது. ஆனால் செய்யாதே என்றாரா? ‘சூழ்ந்து செயல்’ என்றார். செய் என்கிறார் ஐயா!

நானும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று குழம்பியவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்தார். 20,000 தடவைக்கு மேல் சுண்டினார்கள். நாணயம் சொன்னபடி பெரிய மாற்றத்தில் இறங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். நானும் பழைய மேசையைத் திருப்பிக் கேட்கவில்லை. புதியதை அறுத்துச் சின்னதாக்கி ஜன்னலோரம் போட்டேன். தச்சர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே திருப்பிப் படியுங்கள். என் கட்டுரையை அனுப்பியது யார்? எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? வீட்டிலிருந்து வேலை என்றால் பேருந்து கிடையாது. அந்த 40 நிமிடத்தை வீட்டில் யார் எடுத்துத் தருவார்கள்? உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து அனுப்புகிற ஒரு மனிதரைச் ‘சம்பளம் மட்டும்தான்’ என்ற வரியில் எங்கே ஒளித்துவைத்தீர்கள்? படித்ததும் கோபம்தான் வந்தது. “இதுல என்ன இருக்கு?” என்று நான் கேட்டது நினைவுக்கு வந்து, அந்தக் கோபமும் போய்விட்டது.

ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம் பேருந்தில் புத்தகத்தை எடுக்காதீர்கள். அதே 40 நிமிடத்தை வீட்டில் ஒதுக்கிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பேருந்து வேண்டியதில்லை. முடியாவிட்டால், உங்கள் திட்டத்தில் மேசை நிறத்துக்கு மேலே அதற்கு ஓர் இடம் போடுங்கள். அந்த அண்ணனிடம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை என்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

40 வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 41-லும் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்.