மகளின் வேலையும் மாமா படித்த பத்திரிகைகளும்

கேள்வி: என் மகள் விமானப் பணிப்பெண் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். 2000 வாக்கில் அமெரிக்காவில் இருந்த என் அண்ணன், "அங்கே ஆண்கள் பத்திரிகைகளில் இவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், இந்த வேலை வேண்டவே வேண்டாம்" என்கிறார். அவர் பேச்சை மீறவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், மதுரை

பதில்: அண்ணன் படித்திருப்பார் அம்மா, சந்தேகமே இல்லை. 1997இல் அமெரிக்காவுக்கு வந்த மாக்சிம் மாதிரிப் பத்திரிகைகள் பெண்களின் கவர்ச்சியை வைத்தே விற்றவை. ஆனால் பணிப்பெண்ணைப் பற்றிய அந்தச் சித்திரம் அதற்கும் முப்பது வருடம் பழையது. 1967இல் இரண்டு பணிப்பெண்களின் சொந்த அனுபவம் என்று சொல்லி ஒரு கிளுகிளுப்புப் புத்தகம் அங்கே சக்கைப்போடு போட்டது. உண்மையில் எழுதியவர் டொனால்ட் பெய்ன் என்ற ஆண், விமான நிறுவனத்தில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர். 1971இல் நேஷனல் ஏர்லைன்ஸ், பணிப்பெண்ணின் படத்தையும் பெயரையும் போட்டு, அவரே அழைப்பது போல இரட்டை அர்த்த விளம்பரம் செய்தது. எல்லாம் டிக்கெட் விற்கத்தான். அந்தப் பெண்கள் பொறுத்துப் போகவில்லை. 1972இல் தனி அமைப்பே தொடங்கி எதிர்த்தார்கள்.

அண்ணன் படித்த அதே காலத்தில் நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்திலிருந்து பெட்டி ஓங் என்ற பணிப்பெண் இருபது நிமிடத்துக்கும் மேல் போனில் நிதானமாகத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த டிசம்பரில், பாரிஸ்-மயாமி விமானத்தில் காலணி வெடிகுண்டைப் பற்றவைக்கப் பார்த்தவன் மேல் முதலில் பாய்ந்ததும் பணிப்பெண்கள்தான். இதுதான் அம்மா அந்த வேலை.

அண்ணன் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. அந்தக் கதைகளை நம்பி, கையை நீட்டும் பயணிகள் இன்னும் இருக்கிறார்கள். எனவே கையெழுத்துப் போடும் முன் மகள் ஒன்றைக் கேட்கட்டும்: பயணி அத்துமீறினால் நிறுவனம் யார் பக்கம் நிற்கும்? நம் நாட்டு 2017 விதிப்படி, பாலியல் சீண்டல் செய்யும் பயணிக்கு ஆறு மாதம் வரை பறக்கத் தடை விதிக்கலாம். வேலையிடப் புகார்களுக்கு 2013 சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அப்புறம், அதே நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அண்ணனையும் கூடவே உட்காரவையுங்கள். அவர் சந்தேகங்களை அந்தப் பெண்ணிடமே கேட்கட்டும்.