மாநில செனட் தேர்தலுக்காகச் சமூக வலைத்தளத்தில் கட்சிச் சண்டை போடுவது தேவையா, பேசாமல் ஒதுங்கிவிடலாமா?

ஒதுங்காதீர்கள். ஆனால் நாங்கள் போட்ட மாதிரிச் சண்டை வேண்டாம். நான் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லௌடன் கவுண்டியின் மேற்குப் பக்கம். 2023 நவம்பரில் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு எங்கள் 31ஆவது தொகுதியில் நடந்த தேர்தலை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ரஸ்ஸட் பெர்ரி, முன்பு சிஐஏவில் இருந்தவர், அப்புறம் அரசு வழக்கறிஞர். குடியரசுக் கட்சியில் ஹுவான் பாப்லோ செகுரா, கர்ப்பிணிகளுக்கான மருத்துவச் செயலி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்த இரண்டு பேரைப் பற்றிப் பேசவே எவ்வளவோ இருந்தது. ஆனால் எங்கள் ஊர் ஃபேஸ்புக் குழுவில் பத்தாவது கமெண்டுக்குள் இவர்கள் பெயரே காணாமல் போய், டிரம்ப்பும் பைடனும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பெரிய சண்டை கருக்கலைப்பில்தான். 15 வாரத்துக்கு மேல் கூடாது, வன்புணர்வு, நெருங்கிய உறவில் உண்டான கரு, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்று அப்போதைய குடியரசுக் கட்சி ஆளுநர் கிளென் யங்கின் சொல்லியிருந்தார். அவர் கட்சியினர் இதை 'வரம்பு' என்றார்கள், எதிர்க்கட்சியினர் 'தடை' என்றார்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே நாள் கணக்கில் அடித்துக்கொண்டோம். நடப்பில் இருந்த சட்டம் கர்ப்பத்தின் இரண்டாவது மும்மாதம் முடியும்வரை அனுமதித்தது என்பதை எடுத்துப் போட்டுப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. நானும் போடவில்லை.

இதில் எனக்கு ஒரு நல்ல மனிதரோடு பேச்சே நின்றுபோனது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இங்கே வந்த புதிதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பள்ளி விஷயங்களில் பெற்றோர் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காக அவர் செகுரா பக்கம், நான் பெர்ரி பக்கம். வாட்சப்பில் அவரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி இன்னும் மனதை அறுக்கிறது. நவம்பர் 7 தேர்தல், பெர்ரி ஜெயித்தார், சரியாக ஐந்து நாளில் தீபாவளி, அன்றைக்கு அவர் வீட்டுக்கு எப்போதும்போல் போக முடியவில்லை.

ஆனாலும் அந்த ஒரு செனட் இடம் அற்பமானது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 40 பேர் கொண்ட செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19. ஒரே ஒரு தொகுதி மாறியிருந்தால் 20-20, அப்புறம் பெரும்பாலான மசோதாக்களில் சமநிலையை உடைக்கும் வாக்கு அப்போதைய துணை ஆளுநர், குடியரசுக் கட்சியின் வின்சம் ஏர்ல்-சியர்ஸ் கையில் இருந்திருக்கும். 2025 ஜனவரியில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தம் செனட்டில் முதல் முறை நிறைவேறியதும் அதே 21-19தான்.

நாங்கள் பேசாமல் விட்டதையும் சொல்கிறேன். டல்லஸ் கிரீன்வே எங்கள் கவுண்டியில் உள்ள 14 மைல் நீளத் தனியார் சுங்கச்சாலை, 2023ல்தான் கட்டணத்தை உயர்த்தக் கேட்டிருந்தார்கள், அதை எந்த விதியில் அனுமதிப்பது என்ற சட்டம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் எழுதப்படுகிறது. எங்கள் கவுண்டியின் ஆஷ்பர்னில் வரிசையாக எழும்பும் டேட்டா சென்டர்களுக்கு மாநில விற்பனை வரிச் சலுகை கொடுப்பதும் அங்கேதான். தேர்தல் நன்கொடைக்கு வர்ஜீனியாவில் உச்சவரம்பே கிடையாது, எவ்வளவு பெரிய தொகையையும் ஒருவரே கொடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்றைப் பற்றிக்கூட எங்கள் குழுவில் உருப்படியாக ஒரு விவாதம் நடக்கவில்லை.

அண்ணனை அடுத்த பொங்கலுக்கு நானே போய்ப் பார்த்தேன். "தம்பி, டோல் காசு எனக்கும்தான் எரியுது, நீ அதைக் கேட்டிருந்தா நானும் சேர்ந்து கேட்டிருப்பேனே" என்றார். 2027ல் 40 இடங்களுக்கும் மறுபடி தேர்தல் வருகிறது. இரண்டு வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதே சேர்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறோம், முதல் கேள்வி அவருடையது.